நாற்பத்தோராம் அத்தியாயத்தில் இறந்தவன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செம்பூர் வீட்டு அடுக்களையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, ஏழு மாதங்களுக்கு முன்பு நான் சாகடித்த ஓர் ஆள் என் கணவரின் போனில் பேசினான்.

"நான் செத்துட்டேன்னு ஊருக்குள்ள பேசிக்கிடுதாங்களாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

குரல் ஒரு பெண்ணுடையது. பின்னால் பஸ் உறுமியது. கண்டக்டர் "ஆகே சலோ, ஆகே சலோ" என்று ஆட்களை முன்னால் நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் பேச்சு அவனுடையதுதான். எதையும் கேள்வியாகவே சொல்லும் அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கொடுத்தவள் நான். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

நான் ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பிரிவில் வேலை பார்க்கிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ரயிலிலும், கிடைக்காவிட்டால் மதிய இடைவேளையிலும், போனில் ஒரு தொடர்கதை எழுதுகிறேன். தமிழ்க் கதைகள் போடும் ஓர் ஆப்பில் வாரம் ஓர் அத்தியாயம் வரும். கடல் மட்டத்துக்குக் கீழே, பெரிய சுவர் ஒன்றுக்குப் பின்னால், உப்பு விற்றுப் பிழைக்கும் ஒரு நகரத்தின் கதை. அந்த ஊரை ஆள்பவள் ஒரு படகுத் தலைவி. கடலை உள்ளே விடுவதும் நிறுத்துவதும் ஒற்றைக் கண் மதகுக்காரன் ஒருவனின் பொறுப்பு. படகுத் தலைவிதான் கதாநாயகி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசகர்கள் என்னைக் கேட்காமலே மதகுக்காரனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாற்பத்தோராம் அத்தியாயத்தில், வெள்ளம் வந்தபோது மதகை அடைக்க இறங்கியவன் திரும்ப வரவில்லை. என் மாமனார் இறந்தபோது துக்கம் விசாரித்தவர்களைவிட அன்று விசாரித்தவர்கள் அதிகம். விசாரித்த கையோடு திட்டிவிட்டும் போனார்கள்.

"யாரு இது?" என்று கணவரைக் கேட்டேன்.

"யாருன்னா? உன் கததான்."

"என் கதையில அவன் செத்தாச்சுங்க."

"எங்க செத்தான்? அறுவதாவது பாகம் ஓடுது," என்று போனைத் திருப்பிக் காட்டினார்.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். தாராவியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். கடை போர்டு வரைக்கும் சமாளிப்பார், அதற்கு மேல் பொறுமை கிடையாது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடங்களில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் நான்கு மாதங்களுக்கு முன்னால் ஒருநாள், நான் துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது, "எதிரியோட அம்மாவுக்கு மதகுக்காரன் கஞ்சி காய்ச்சிக் குடுக்கான் பாரு, அந்த எடம் நல்லா எழுதிருக்க. கண்ணு கலங்கிட்டு எனக்கு," என்றார். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படி ஓர் இடத்தை எழுதிய ஞாபகம் இல்லை. இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை. அன்று முழுக்கத் தரையில் கால் படாமல் நடந்தேன்.

இப்போது புரிந்தது. கஞ்சி காய்ச்சியது நான் இல்லை.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. சீத்தா கேம்ப் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண், தமிழ் படிக்க வராதவர்களுக்காக என் அத்தியாயங்களை வாய்ஸ் மெசேஜாக வாசித்து ஒரு குழுவில் போட்டு வந்திருக்கிறாள். நாற்பது வரைக்கும் வரி பிசகாமல் வாசித்திருக்கிறாள். நாற்பத்தொன்று வந்ததும் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டிராம்பே பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது சொல்லுவாள். அவள் கதையில் மதகுக்காரனை உப்புப் படகு ஒன்று தூக்கிக் காப்பாற்றியிருக்கிறது. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு எது வரைக்கும் நான், எங்கிருந்து அவள் என்பதே தெரியாது. என் வீட்டிலேயே ஒருவருக்குத் தெரியவில்லை.

கணவரிடம் நம்பர் வாங்கி அவளுக்குப் போன் செய்தேன். திட்டுவதற்காகத்தான் செய்தேன்.

"எக்கா, நீங்களா! நெசமாவா?" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் தயாரித்து வைத்திருந்த முதல் வாக்கியம் காணாமல் போயிற்று. "எங்க அம்மா தெனமும் உங்களுக்காகச் செபம் பண்ணுதாங்க, தெரியுமா?"

"எதுக்கு?"

"நீங்க மனசு மாறணும்னுதான்."

மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, மதகுக்காரன் இறந்துவிட்டான் என்பதுதான் கதை, மற்றதெல்லாம் அவளுடைய கற்பனை, அதை ஒவ்வொரு தடவையும் கேட்பவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அறுபத்தொன்றாம் பாகம் வந்தது. கணவர் போட்டுக் காட்டினார். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் தெளிவாக வந்தது: "எல்லாருக்கும் வணக்கம். இது அந்த அக்கா எழுதுனது இல்ல. ஆனா நடந்தது இதுதான்."

அதற்கு மேல் என்ன சட்டம் பேசுவது?

மாட்டுங்காவில் ஒரு வாசகர் வட்டம் உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆபீஸ்காரர்கள். என் தொடரைப் பற்றி வினாடி வினா நடத்துகிறோம், நீங்கள்தான் நடுவர் என்று அவர்கள் கூப்பிட்டபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. என் கதைக்கு நானே நடுவர். இதில் என்ன தகராறு வந்துவிடப் போகிறது என்று புதுப் புடவை உடுத்திக்கொண்டு போனேன். நான்கு அணிகள். மூன்று அணிகளில் மாட்டுங்காக்காரர்கள். நான்காவது, சீத்தா கேம்ப்பிலிருந்து வந்த மூன்று பெண்கள். கதை சொல்பவளுக்கு அன்று வேலை என்றும், அவள் அனுப்பித்தான் வந்ததாகவும் சொன்னார்கள்.

மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொண்டோம். "வெள்ளத்துக்குப் பிறகு மதகின் சாவி யார் கைக்குப் போனது?" படகுத் தலைவி கைக்கு என்பது சரியான விடை.

"யார் கைக்கும் போகல, அவன்ட்டயேதான் இருக்கு," என்றாள் சீத்தா கேம்ப் அணியில் மூத்தவள்.

"தவறு," என்றேன்.

"எப்பிடித் தப்பு?"

"அவன் இறந்துவிட்டான்."

"அது நாப்பத்தொண்ணுல. நாப்பத்தாறுல வந்துட்டாம்லா?"

"நாற்பத்தாறாம் அத்தியாயத்தில் அப்படி எதுவும் நான் எழுதவில்லை அம்மா."

"அதுக்கென்ன? நாங்க எல்லாரும் கேட்டோமே."

அரங்கில் சிரிப்பு. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "மேடம், அஃபீஷியலா அவர் போயிட்டார், ஒத்துக்கறோம். ஆனா வாசகர் மனசுன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?" என்றார்.

"மனசுக்கு மார்க் கிடையாது சார்," என்றேன். கைதட்டல் அவருக்குத்தான் விழுந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து, மதகுக்காரனுக்கு எந்தக் கண் தெரியாது என்ற கேள்வி வந்தது. இது குழந்தைகூடச் சொல்லும். என் கையிலிருந்த அட்டையில் 'இடது' என்று இருந்தது. சீத்தா கேம்ப் அணி 'வலது' என்றது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"தவறு. இடது. அந்தக் கண்ணைக் குருடாக்கினதே நான்தான்," என்றேன்.

மூத்தவள் எழுந்து வந்து போனை என் முன்னால் நீட்டினாள். என் ஆப், என் கதை, இருபத்து மூன்றாம் அத்தியாயம். 'வலக்கண் குழியில் உப்புக் காற்று வந்து அறைந்தது' என்று நானே எழுதியிருந்தேன். ஏழாம் அத்தியாயத்தில் இடது. இதையும் நானேதான் எழுதியிருந்தேன். காதெல்லாம் சூடாகிவிட்டது.

"எங்க கத சொல்லுதவ இதுக்கு வழி சொல்லிருக்கா," என்றாள் அவள், எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில். "ஏழாவதுல அவன எதுத்தாப்புல நின்னு பாத்தவ சொல்லுதா. பாக்கவளுக்கு இடது. அவனுக்கு வலது."

எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வழி. வாசகர் வட்டச் செயலாளர் குனிந்து, "ரெண்டு விடைக்கும் மார்க் கொடுத்துடலாமா மேடம்?" என்று காதோடு கேட்டார். கொடுத்தோம். கடைசியில் சீத்தா கேம்ப் அணிதான் ஜெயித்தது. கோப்பையை என் கையாலேயே கொடுக்க வேண்டியிருந்தது. போட்டோவில் நான் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டவள்போல நிற்கிறேன்.

அந்த வாரம் எனக்கு ஃபாஸ்டிங் சுகர் பார்க்க வேண்டியிருந்தது. செம்பூரில் ரத்தம் எடுக்கும் லேப் எத்தனையோ இருக்கின்றன. சீத்தா கேம்ப் பெண்களிடம் விசாரித்து, கதை சொல்பவள் வேலை செய்யும் லேபுக்குத்தான் போனேன். தற்செயலாகப் போனேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. வெள்ளைக் கோட்டின் பையில் மூன்று நிறப் பேனா. சீட்டில் என் பெயரைப் பார்த்ததும், "சேசுவே!" என்றாள். பிறகு தொழில்காரியாகிவிட்டாள். "கைய நீட்டுங்க. விரல மடக்கிப் பிடிங்க."

ஊசி உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"எக்கா, பன்னெண்டாவதுல என்ன எழுதிருக்கீய? இடுப்புல கயிறு கட்டாம மதகுக்குள்ள அவன் எறங்கவே மாட்டான்னு. அவன் அப்பன் அப்பிடி எறங்கித்தான் செத்தான்னு. எழுதுனீயளா, இல்லையா?"

"எழுதினேன்."

"நாப்பத்தொண்ணுல கயிறே இல்லாம குதிக்கான். இப்ப நான் எத நம்பணும்? பன்னெண்டையா, நாப்பத்தொண்ணையா?"

"வெள்ளம் வந்தது. அவசரம்."

"அவன் அவசரப்படுத ஆளா? நீங்கதான் அவசரப்பட்டீய," என்று ஊசியை உருவிப் பஞ்சை வைத்தாள். "நல்லா அமுக்கிப் பிடிங்க."

பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்மேல் எனக்கே எரிச்சல் வந்தது, ஏனென்றால் அவள் சொன்னது உண்மை. அந்த மாதம் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபீசில் வருடக் கடைசி. வாரா வாரம் படகுத் தலைவி கதை ஒன்று, மதகுக்காரன் கதை ஒன்று என்று இரண்டு இழைகளை என்னால் இழுக்க முடியவில்லை. ஓர் ஆள் குறைந்தால் எனக்குப் பாதி வேலை குறையும். அவனைக் கொன்றதற்கு அதுதான் காரணம். தியாகம், விதி என்றெல்லாம் பின்குறிப்பில் நான் எழுதியிருந்தது சும்மா. இதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

ட்யூபில் லேபிள் ஒட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு, "சொல்லிருந்தா ரெண்டு மாசம் காத்துக் கெடந்திருப்போமேக்கா. அதுக்குப் போயி ஆளக் கொல்லுவாங்களா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாற்பத்தோராம் அத்தியாயத்தைத் திறந்தேன். கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்கினான், மதகில் ஒட்டியிருந்த சிப்பியின் விளிம்பு உரசிக் கயிறு அறுந்தது என்று நான்கு வரி சேர்த்தேன். இனிமேல் யாரும் வாய் திறக்க முடியாது. திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தால் போன் அடித்தது.

"பழைய அத்தியாயத்த மாத்துனீயளா?" அவளுடைய குரலில் அதுவரை நான் கேட்காத கோபம் இருந்தது.

"என் கதை. திருத்தினேன்."

"நான் நோட்டுல ஒவ்வொண்ணா எழுதி வச்சிருக்கேன். மூணு நோட்டு. இன்னிக்குக் கயித்தக் கொண்டாந்து வச்சீய. நாளைக்கு ஒண்ணாவது அத்தியாயத்தையும் மாத்துவீய. நாங்க படிச்சதெல்லாம் எங்க போகும்? பெறகு எதுதான் கத?"

"அப்போ நீ அவனை உயிரோட வெச்சிருக்கலாம், நான் ஒரு கயிறு வைக்கக் கூடாதா?"

"நான் மேலதான் கட்டுதேன். நீங்க அஸ்திவாரத்த நோண்டுதீய."

போனை வைத்துவிட்டேன். சாதம் ஆறிப் போயிற்று. ஆபீசில் யாராவது ஒரு பேப்பரில் அழித்து எழுதிக் கொண்டுவந்தால் முதல் ஆளாகத் திருப்பி அனுப்புகிறவள் நான். அழித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று கேட்கக்கூட மாட்டேன். மறுநாள் ரயிலில் குர்லா வருவதற்குள் அந்த நான்கு வரிகளையும் எடுத்துவிட்டேன். கயிறில்லாமல் குதித்தவன் கயிறில்லாமலே குதித்தான். தப்போ சரியோ, அதுதான் எழுதியது.

பிறகு என் தொடரின் மூன்றாம் பாகத்தைத் தொடங்கினேன். மதகுக்காரன் இல்லாத நகரம், படகுத் தலைவி தனியாக மதகைப் பழகுகிறாள். நான் எழுதியதிலேயே நல்லது என்று இன்றைக்கும் சொல்லுவேன். அதன் முதல் அத்தியாயத்துக்கு வந்த முதல் கருத்து: 'மூலக் கதையின் உயிர் இதில் இல்லை. யாரோ ரசிகர் எழுதியதுபோல் இருக்கிறது.' எழுதியவர் மாட்டுங்கா வாசகர் வட்டத்துக்காரர். அந்த வரியைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்திருக்க வேண்டாம்.

"இனிமே நானே உங்களுக்கு வாசிக்கிறேன். என் கதையை என் வாயாலயே கேளுங்க," என்றேன். ஏன் இருபத்திரண்டு வருடமாக இது எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. ஞாயிறு தோறும் அவர் டூல் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து ஐந்தாறு அத்தியாயங்களாக வாசித்தேன். நல்ல கேட்பாளர். எதுவும் விட்டுப்போகாது. நாற்பத்தொன்று முடிந்தபோது அவர் கை நின்றுவிட்டது.

"பாவம்," என்றார் கடைசியில்.

"அப்போ புரிஞ்சுதா? செத்துட்டான்."

"உன் கதையில செத்துட்டான். அவ கதையில இருக்கான். ரெண்டையும் கேக்கேன். எனக்கென்ன கஷ்டம்?" என்று ஸ்பானரை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. அவள் பஸ்ஸில் தன் கதையைச் சொன்னாள், நான் ரயிலில் என் கதையை எழுதினேன். அப்புறம் ஒருநாள், ஆபீசுக்குக் கிளம்பி செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கூப்பிட்டாள். அழுகையும் ஆத்திரமுமாக இருந்தாள்.

"எக்கா, அநியாயத்தக் கேட்டீயளா? காலேஜ் பிள்ளேளு ரெண்டு சேந்து என் கதைய இந்தியில வீடியோவா போட்டுருக்கு. அவனுக்கும் படகுத் தலைவிக்கும் ஷாதி பண்ணி வச்சுட்டாளுவ! டான்ஸ் வேற! ஒரு வார்த்த என்ட்ட கேக்கல. ஆயிரக்கணக்குல பாக்காங்க, எல்லாரும் இதுதான் கதங்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர்களுக்குக் கல்யாணமா? படகுத் தலைவியின் தம்பியைப் பழைய வெள்ளம் ஒன்றுக்குப் பலி கொடுத்தவன் அவன். அவன் நிழல் விழுந்த இடத்தில்கூட அவள் நிற்க மாட்டாள்.

"அவ அவனைக் கட்டிக்கவே மாட்டா," என்றேன்.

"அதத்தானேக்கா நானும் சொல்லுதேன்! அவனும் கேக்க மாட்டான்! நான் சொன்னா அந்தப் பிள்ளேளு மதிக்காது. உங்க பேருதான் மேல இருக்கு. நீங்க ஆப்புல ஒரு வரி போடுங்க, அது செல்லாதுன்னு."

"சரி. அவன் நாற்பத்தோராம் அத்தியாயத்திலேயே இறந்துவிட்டான், ஆகவே கல்யாணம் என்பது..."

"ஐயோ, அப்பிடிப் போடாதீய! பெறகு என் கத என்னாகும்?"

"வேற எப்படிப் போட?"

"உசுரோட இருக்கான், ஆனா கட்டிக்கிடலன்னு போடுங்க."

"அதைப் போட்டா என் கதை என்னாகும்?"

அவளுடைய பஸ் எங்கோ சிக்னலில் நின்று ஹாரன் அடித்தது. நான் பிடிக்க வேண்டிய ரயில் இந்நேரம் போயிருக்கும். வாசற்படியிலேயே உட்கார்ந்து, அவள் லைனில் காத்திருக்க, ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தோம். ஒன்றில் அவன் செத்தான், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றில் பிழைத்தான், நான் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் இருவர் கதைக்கும் பொய்யாகாத ஒரே வரி கிடைத்தது. அதை அப்படியே ஆப்பில் அறிவிப்பாகப் போட்டேன்: 'மதகுக்காரன் யாரையும் திருமணம் செய்துகொள்ளவில்லை. – ஆசிரியர்.'

"இது பக்கா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஸ்டேஷன் படி ஏறும்போது போன் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். அறிவிப்புக்குக் கீழே பதினேழு கருத்துகள். முதல் கருத்து: 'அப்படியானால் உயிரோடு இருக்கிறான் என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்! நன்றி மேடம்!' மற்ற பதினாறும் அதற்கு விழுந்த கைதட்டல்.